மேல் இடது மூலையில் ஓர் ஓட்டை

மத்திய அரசு அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் கோப்பு பார்த்தவனுக்கு, ஓய்வு பெற்ற மறுநாளே மூளை ஓய்வெடுத்துக்கொள்ளும். கைகள் மட்டும் வழக்கம்போல வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும். என் கைகள் அப்படிப்பட்டவை. செய்தித்தாளுக்குள் வரும் துண்டு விளம்பரத்தின் ஓரத்தில் சுருக்கொப்பம் இடும். மனைவி எழுதி வைத்த மளிகைப் பட்டியலின் கீழே 'பார்வையிடப்பட்டது' என்று தேதி போட்டு வைக்கும். ஒருமுறை பக்கத்து வீட்டுத் திருமண அழைப்பிதழில் 'தேவையான நடவடிக்கைக்கு' என்று எழுதிவிட்டது. (அந்தத் திருமணத்துக்கு நான் போகவில்லை. போயிருக்கவும் முடியாது.) இந்தக் கைகளை நான் அப்போதே கண்காணித்திருக்க வேண்டும். கண்காணிக்காததால், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையின் மேல் வைத்து, இந்தியக் குடியரசு எனக்கு வழங்கிய ஓர் ஆவணத்தை நானே கொலை செய்தேன்.

நாங்கள் துவாரகாவில் ஒரு நான்காம் மாடியில் இருக்கிறோம். எங்கள் குடியிருப்பில் யாருக்காவது ஆதாரில் ஒரு பெயரும் வங்கியில் ஒரு பெயரும் இருந்தால் என்னிடம் வருவார்கள். ஓய்வூதியர் வாழ்வுச் சான்று, எரிவாயு இணைப்பின் பெயர் மாற்றம், இறந்தவரின் வைப்புநிதி, எதுவானாலும் நான் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, எந்தப் படிவம், எந்த ஜன்னல், எத்தனை நகல் என்று சொல்லிவிடுவேன். எனக்கு இதில் கர்வம் உண்டு. என் மனைவி மெர்சிக்கு இதில் எரிச்சல் உண்டு.

மெர்சி பாளையங்கோட்டைக்காரி. டெல்லியில் ஓர் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நர்சிங் பள்ளி விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்தவள் ரோஸ்லின். ரோஸ்லின் வேலை கிடைத்து ஆஸ்திரியாவுக்குப் போய், அங்கேயே ஒரு ஏரிக்கரை ஊரில் தங்கிவிட்டாள். தோழிகள் இருவரும் கடைசியாக நேரில் பார்த்துக்கொண்டபோது எங்கள் மகன் ஜோயல் தொட்டிலில் இருந்தான். இப்போது அவனுக்கு முன்தலையில் முடி இல்லை.

இடைப்பட்ட காலத்தில் ரோஸ்லின் மூன்று முறை அழைத்தாள். மூன்று முறையும் நான் மெர்சியிடம், "இப்ப முடியாது, பார்லிமென்ட் நடக்கு" என்றேன். (நான் இல்லாமலும் பார்லிமென்ட் நடக்கும் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.)

சென்ற ஆண்டு தொடக்கத்தில் ரோஸ்லினின் கண்ணில் கோளாறு வந்தது. விழித்திரையின் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறது, நிறுத்த வழியில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். தொலைபேசியில் அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

"ஓரத்துல எல்லாம் தெரியுது மெர்சி. நடுவுலதான் மறைக்கு. யாரையாவது நேரா பாத்தா, அவங்க மூஞ்சிதான் முதல்ல காணாமப் போகுது. ஒன் மூஞ்சி தெரியுறப்பவே வந்துட்டுப் போ."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மெர்சி வைத்த ரசத்தில் உப்பு இல்லை. அப்படியே குடித்துவிட்டேன். மறுநாள் காலை, "செப்டம்பர்ல போவோம்" என்றேன். அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பொய்யாக்கத்தான் நான் நான்கு மாதம் உழைத்தேன்.

உழைப்பு என்றால் சாதாரண உழைப்பு அல்ல. ஃபிராங்ஃபர்ட் வரை விமானம். அங்கிருந்து ரயிலில் மியூனிக். அங்கே வண்டி மாறி, மலைகளுக்கு நடுவே ஆஸ்திரியாவின் வில்லாக் நகரம். வில்லாக்கில் இறங்கி, ஊர்ப் பேருந்து பிடித்து இருபது நிமிடத்தில் ரோஸ்லினின் வீடு. ஜோயல் அங்கே வாடகைக் கார் ஏற்பாடு செய்வதாகச் சொன்னான். நான் மறுத்துவிட்டேன். ஐரோப்பாவைப் பார்க்க வேண்டுமென்றால் ரயிலில், பேருந்தில், அந்த ஊர் ஜனங்களோடு போக வேண்டும் என்று பெரிதாக ஓர் உரை நிகழ்த்தினேன். உண்மைக் காரணம் வேறு. காரில் போனால் கோப்பு எதற்கு?

அந்தக் கோப்பு என் வாழ்நாளின் சிறந்த கோப்பு. முகப்பில் 'ஐரோப்பா – ரயில் மற்றும் பேருந்துப் பயணம் – தொடர்பாக' என்று எழுதியிருந்தேன். பயணச்சீட்டுகள், காப்பீடு, எந்த வண்டி எந்த நடைமேடை, தவறினால் அடுத்தது எது, அதுவும் தவறினால் எது. தனியாக நாற்பத்தேழு பத்திகளில் ஒரு வழிகாட்டுக் குறிப்பு. ஒன்பதாவது பத்தி, வெளிநாட்டில் கைப்பேசியின் இணையத்தை அணைத்துவைப்பது பற்றி. பதினான்காவது, பரிசோதகர் வந்தால் நடந்துகொள்ள வேண்டிய முறை. இருபத்திரண்டாவது, ரயில் நிலையக் கழிப்பறைகளுக்குச் சில்லறை வைத்திருப்பது.

ஜோயல் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். அவனுடைய தமிழ் பாதி வழியில் இந்தி வண்டிக்கு மாறிவிடும்.

"அரே அப்பா, இதெல்லாம் ஆப்லயே இருக்கு. ப்ளாட்ஃபார்ம் சேஞ்ச் ஆனாகூட அதுவே சொல்லும்."

"போன் செத்துப்போனா?"

"பவர் பேங்க்."

"பவர் பேங்க்கும் செத்துப்போனா?"

"அப்போ நீங்க ஃபைலைத் திறந்து ட்ரெயின்கிட்ட காட்டுங்க. அது டர் போய் நின்னுடும்."

பயந்து நிற்கும் என்கிறான். எனக்கு இருந்த ஒரே கவலை மியூனிக். அங்கே வண்டி மாற எங்களுக்குக் கிடைப்பது பதினான்கு நிமிடம். மெர்சிக்கு மூட்டு வலி. எனக்கு, ஒத்துக்கொள்கிறேன், படபடப்பு. ஒரு மாதமாக நான் கண்ணை மூடினால் மியூனிக் வரும். நடைமேடையில் வண்டி புறப்பட்டுப் போகும். மெர்சி என்னைப் பார்ப்பாள், 'பார்லிமென்ட் நடக்கா?' என்பதுபோல.

ஆகவே ஒத்திகை பார்ப்பது என்று முடிவு செய்தேன். புறப்படப் பன்னிரண்டு நாள் இருக்கையில், திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, இரண்டு பெட்டிகளோடு மெட்ரோவில் ஏறி, ராஜீவ் சௌக்கில் மஞ்சள் வழித்தடத்துக்குப் பதினான்கு நிமிடத்தில் மாறுவது. துணிமணிகள் இன்னும் அடுக்கவில்லை. ஆனால் எடை சரியாக இருக்க வேண்டுமே? ஒரு பெட்டியில் கோதுமை மாவுப் பைகளையும் இன்னொன்றில் அரிசியையும் வைத்தேன். ஒத்திகை என்றால் எல்லாம் அசலாக இருக்க வேண்டும் என்பதால், அசல் பாஸ்போர்ட்டுகளும் கோப்புக் காகிதங்களும் ஒரு பிளாஸ்டிக் உறையில் மெர்சியின் கையில்.

துவாரகா நிலையத்தில் பெட்டிகளை ஊடுகதிர்ப் பெட்டிக்குள் அனுப்பியதும், பாதுகாப்பு வீரர் நிறுத்தினார். உரையாடல் இந்தியில் நடந்தது.

"அங்கிள், இதுல என்ன?"

"கோதுமை மாவு."

"அதுல?"

"அரிசி."

"எங்க கொண்டுபோறீங்க?"

"ராஜீவ் சௌக்."

"அங்க யாருக்குக் குடுக்கணும்?"

"யாருக்கும் இல்லை. திருப்பிக் கொண்டுவந்துவிடுவேன்."

அவர் முகம் மாறியது. கை இடுப்பிலிருந்த வயர்லெஸ் பக்கம் போனது. அப்போது மெர்சி, நோயாளியின் உறவினரிடம் பேசும் குரலில், "தம்பி, இவர் ரிட்டயர் ஆயிட்டார்" என்றாள்.

வீரர் என்னை ஒருமுறை முழுசாகப் பார்த்தார். அவர் கண்ணில் அப்படியொரு கருணை. "அச்சா, அச்சா. போங்க அங்கிள். மெதுவாப் போங்க."

வண்டியில் இடம் கிடைத்தது. இரண்டு நிலையங்கள் போனதும் பத்தி பதினான்கைச் சோதிக்க நினைத்தேன். எழுந்து மூன்று அடி பின்னால் போய், திரும்பி வந்து, மெர்சியின் முன் நின்று, "டிக்கெட்ஸ் ப்ளீஸ்" என்றேன். முப்பது வினாடிக்குள் அவள் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் காட்ட வேண்டும். பக்கத்தில் இருந்த ஒரு முதியவர் பணிவாகத் தன் மெட்ரோ அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். நானும், எனக்கே வெட்கமாக இருக்கிறது, அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஏங்க, உக்காருங்க. எல்லாரும் பாக்காவ."

"இருபது செகண்ட் ஆச்சு மெர்சி."

அவள் உறையை வெடுக்கென்று இழுத்தாள். அதன் பித்தான் தெறித்தது. நான்கு மாத உழைப்பு மெட்ரோ பெட்டியின் தரையில் வழுக்கிக்கொண்டு நான்கு திசையிலும் போனது. அந்த நேரம் பார்த்து நிலையம் வந்து கதவு திறந்தது. ஒரு பாஸ்போர்ட் கதவை நோக்கிச் சறுக்கியது. வாசலில் நின்ற கல்லூரி மாணவன் ஒருவன், பந்தை நிறுத்துவதுபோல, அதன்மேல் காலை வைத்து நிறுத்தினான். இன்னும் நான்கு விரற்கடை போயிருந்தால் தண்டவாளம். ஒரு பெண் காகிதங்களைப் பொறுக்கிக் கொடுத்தாள். மெர்சி அந்த பாஸ்போர்ட்டை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

ராஜீவ் சௌக்கில் மாற இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. வழிகாட்டிப் பலகைகள் ஒரு பக்கம் காட்டின. எனக்கு வழி தெரியும் என்பதால் வேறு பக்கம் போனோம்.

வீட்டுக்கு வந்து மாவையும் அரிசியையும் டப்பாக்களில் திரும்பக் கொட்டியபோது என் மனதில் ஒரே எண்ணம்தான். காகிதங்கள் கட்டப்படாமல் இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். கட்ட வேண்டும்.

அரசு அலுவலகக் கோப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காகிதங்களின் மேல் இடது மூலையில் ஓர் ஓட்டை போட்டு, இரு நுனியிலும் தகரம் வைத்த பச்சை நாடாவைக் கோத்துக் கட்டுவோம். ஓட்டை போட மரப்பிடி வைத்த ஓர் இரும்புக் குத்தூசி உண்டு. நான் ஓய்வு பெற்ற அன்று, பதிவறை ஊழியர் எனக்குச் சால்வைக்குப் பதிலாக அந்தக் குத்தூசியைத்தான் கொடுத்தார். "சாப், இதை உங்களைப்போல நேராகக் குத்த செக்ஷனில் இனி ஆள் இல்லை" என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம். சாப்பாட்டு மேசையில் மெர்சியின் காய்கறி நறுக்கும் பலகை. அதன்மேல் கோப்புக் காகிதங்கள், ஒவ்வொரு நகலுக்கும் பின்னால் அதன் அசல். இது என்னுடைய மூன்றாவது பத்தி. முதல் நாள் மாலையே எல்லாவற்றையும் அந்த வரிசையில் அடுக்கி வைத்திருந்தேன். இப்போது அடுக்கின் நான்கு பக்கமும் தட்டி ஒழுங்கு செய்தேன். கட்டைவிரலால் அளந்தேன். ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் உள்ளே, மேலிருந்து ஒரு அங்குலம் கீழே. குத்தினேன்.

முதலில் வெண்ணெய்போல இறங்கியது. நடுவில் எதுவோ தடுத்தது. காப்பீட்டுப் புத்தகத்தின் அட்டை கெட்டி போலிருக்கிறது என்று நினைத்தேன். எழுந்து நின்று உடம்பின் எடை முழுவதையும் கொடுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். ஊசி பலகையைத் தொட்டது. இத்தனை வயதிலும் கைக்கு எவ்வளவு பலம் என்று உள்ளூர ஒரு சந்தோஷம். நாடாவைக் கோத்து, முடிச்சிட்டு, இழுத்துப் பார்த்தேன். எதுவும் இனி விழாது.

கடைசிச் சரிபார்ப்புக்காகப் பக்கம் புரட்டினேன். பத்தொன்பதாம் பக்கம் என் பாஸ்போர்ட்டின் நகல். இருபதாம் பக்கம் நீல நிறத்தில் இருந்தது.

பாஸ்போர்ட்டை ரத்து செய்யும்போது அலுவலகத்தில் அதன் மூலையை வெட்டித் தருவார்கள். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாத விதி உண்டா? முகப்பு அட்டை, என் புகைப்படம் இருக்கும் தாள், விசா ஒட்டிய பக்கம், பின்னட்டை, எல்லாவற்றையும் ஊடுருவி ஓட்டை போயிருந்தது. அழகான, வட்டமான, நேரான ஓட்டை. என்னை நானே ரத்து செய்துகொண்டிருந்தேன்.

அடுத்த பக்கம் திருப்பினேன். இருபத்தொன்று, மெர்சியின் பாஸ்போர்ட் நகல். இருபத்திரண்டு, காப்பீடு. அவளுடைய அசல் இல்லை. முந்தின மாலை அடுக்கும்போது நகல்களை எண்ணினேனே தவிர அசல்களை எண்ணவில்லை. அப்படியானால் நேற்று மெட்ரோவிலா? இரண்டும் போயிற்றா?

உள்ளறையில் மெர்சி ரோஸ்லினோடு பேசிக்கொண்டிருந்தாள். "கருப்பட்டி ரெண்டு கிலோ எடுத்து வச்சிருக்கேன். முறுக்கு நொறுங்காம கொண்டாரணும். இல்லட்டி, இந்த மட்டம் வந்துருவோம், அவுகளே டிக்கெட் எல்லாம் போட்டாச்சு." நான் செய்தித்தாளை எடுத்துக் கோப்பின்மேல் விரித்தேன்.

அவள் பேசி முடித்து வெளியே வந்தாள்.

"மெர்சி, ஒன் பாஸ்போர்ட்டு… அது கோப்புல இருக்கணும்லா?"

"ஏன் கேக்கிய?"

"சும்மா. சரிபாக்கதுக்கு."

"அதுக்கு எதுக்கு இப்படி வேர்க்கு ஒங்களுக்கு?" என்றவள் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். விடவில்லை. அரை நிமிடம் கழித்து, "நூத்திப் பத்து ஓடுது. என்ன செஞ்சிய?" என்றாள். நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டவன் பொய் சொல்ல முடியாது. நாடி காட்டிக்கொடுத்துவிடும்.

செய்தித்தாளை எடுத்தேன். அவள் குனிந்து பார்த்தாள். ஓட்டையில் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்தாள்.

"எம் பாஸ்போர்ட்டு எங்கிட்டதான் இருக்கு" என்றாள் கடைசியில். "நேத்து அந்தப் பையன் செருப்புக்கால வச்சான்லா, அப்பவே எடுத்து என் கைப்பைக்குள்ள போட்டுட்டேன்."

"என்கிட்ட சொல்லாமலா?"

"சொன்னா ஒரு ஃபாரம் நெரப்பச் சொல்லுவிய."

மாலையில் ஜோயல் வந்து ஓட்டையைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அது இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாள் பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஓர் இளம் அதிகாரிப் பெண், என் பாஸ்போர்ட்டை வெளிச்சத்தில் உயர்த்தி, ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார்.

"சார், எந்த மினிஸ்ட்ரி?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாய் கடிச்சது வரும். வாஷிங் மெஷின்ல துவைச்சது வரும். குழந்தை கிறுக்கினது வரும். இவ்வளவு சரியா அளந்து மேல் இடது மூலையில ஓட்டை போட்டது இப்பத்தான் முதல்ல வருது."

சேதம் எப்படி ஏற்பட்டது என்று எழுதித் தரச் சொன்னார். பார்லிமென்ட் கேள்விகளுக்குப் பதில் வரைந்த கை இது. 'மேற்படி பாஸ்போர்ட்டில் கோப்புப் பராமரிப்பின்போது துளை ஒன்று ஏற்பட்டுவிட்டது' என்று எழுதினேன். அவர் படித்துவிட்டு, "துளை தானா ஏற்படாது சார். யார் போட்டாங்கன்னு எழுதுங்க" என்றார். 'என்னால்' என்று சேர்த்தேன். முப்பத்தாறு ஆண்டுகளில் அப்படி ஒரு வார்த்தையை நான் எந்தக் கோப்பிலும் எழுதியதில்லை.

புதிய பாஸ்போர்ட் சில நாட்களில் வந்துவிடும். விசாதான் வராது. ஓட்டை விழுந்த விசா செல்லாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கான தேதியே எங்கள் விமானம் போன பிறகுதான் இருந்தது. சாணக்யபுரியில் தூதரக வாசல்வரை போய்ப் பார்த்தேன். முன்பதிவு இல்லாமல் யாரையும் விட மாட்டோம் என்றார் காவலர். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பழகிய குரலில் சொன்னேன்: "தள்ளி வைப்போம் மெர்சி. ரெண்டு மாசம்தானே."

மெர்சி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இது நாலாவது மட்டம்" என்றாள். "ரெண்டு மாசத்துல அவளுக்கு நடுவுல எம்புட்டு மிச்சம் இருக்குமோ, யாருக்குத் தெரியும்?" பிறகு, "நான் போறேன்" என்றாள்.

"எங்க?"

"அவகிட்ட. ஏம் பாஸ்போர்ட்டுல ஓட்டை இல்லைலா?"

தனியாகப் போகக்கூடாததற்கு நான் காரணங்களை அடுக்கினேன். மொழி தெரியாது. மூட்டு வலி. இரண்டு ரயில், ஒரு பேருந்து. பதினான்கு நிமிடம்.

"நாப்பது படுக்கை வார்டை ஒத்தையில பாத்திருக்கேன். ரயிலுக்கு என்ன ஊசியா போடப் போறேன்? ஏறணும், உக்காரணும், எறங்கணும்."

"ஜானே தோ, அப்பா" என்றான் ஜோயல். விடுங்கள் என்று அர்த்தம்.

அடுத்த ஒன்பது நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்காகக் கோப்பைத் திருத்தி எழுதினேன். அது ஐம்பத்திரண்டு பக்கமாக வளர்ந்தது. மெர்சி அதைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, மேசையில் வைத்துவிட்டாள். பணி மாறும்போது அடுத்த நர்ஸுக்கு எழுதிவைப்பதுபோல, தன் சின்ன டைரியில் நான்கு வரி மட்டும் எழுதிக்கொண்டாள். விமான நிலைய வாசலில் நான், "மெர்சி, மியூனிக்ல பதினாலு நிமிஷம்…" என்று தொடங்கினேன். "நீங்க பிரஷர் மாத்திரைய மறந்துராதிய" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. சக்கரப் பெட்டி அவள் பின்னால் கீழ்ப்படிந்து போனது.

மறுநாள் டெல்லியில் மதியம் ஆனபோது அங்கே காலை. சுவர்க் கடிகாரத்தை ஆஸ்திரிய நேரத்துக்கு மாற்றி வைத்திருந்தேன். கணினியில் அவளுடைய ரயில் எங்கே போகிறது என்று தெரியும். ஒரு மணி நேரம் நன்றாகப் போயிற்று. பிறகு வண்டியின் பக்கத்தில் சிவப்பு எழுத்தில், தாமதம், முப்பத்தெட்டு நிமிடம் என்று வந்தது.

மியூனிக் போயிற்று. நான் ஒரு மாதமாகக் கண்ட அதே மியூனிக். அதில் நான் இல்லை, அவள் மட்டும் இருக்கிறாள்.

அவளை அழைத்தேன். தொடர்பு இல்லை. திரும்பத் திரும்ப அழைத்தேன். பத்தி ஒன்பது. என்னுடைய நாற்பத்தேழு பத்திகளில் அவள் கடைப்பிடித்த ஒரே பத்தி அதுதான். இணையத்தை மட்டுமல்ல, போனையே அணைத்துவிட்டிருந்தாள்.

ஜோயலை அலுவலகத்தில் எட்டு முறை அழைத்தேன். ஒன்பதாவது முறை அவன் எடுக்கவில்லை. முழங்காலில் நின்று ஜெபிக்கப் பார்த்தேன். 'கர்த்தாவே, கீழ்க்கண்ட விவரங்களைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்' என்று வந்தது. எழுந்துவிட்டேன். ரோஸ்லினை அழைத்தேன்.

"அண்ணே, வருவா, பயப்படாதிய" என்றாள். நாற்பது ஆண்டுக்கு முந்தைய பாளையங்கோட்டைத் தமிழ் அப்படியே இருந்தது. "அவ யாரு? வார்டன் கண்ணுல மண்ணத் தூவிட்டு, செவுரு ஏறிக் குதிச்சு சினிமாவுக்குப் போனவ."

முப்பத்தேழு ஆண்டுத் திருமண வாழ்வில் எந்தக் கோப்பிலும் இல்லாத தகவல். அன்று அதை விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

வரவேண்டிய பேருந்தின் நேரம் போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. ரோஸ்லினை மறுபடி அழைத்தேன். மறுபடியும் அழைத்தேன். நான்காவது முறை அவள் குரலிலும் அந்தச் சிரிப்பு இல்லை. "வாசல்ல போய்ப் பாத்துட்டு வாறேன் அண்ணே" என்று வைத்துவிட்டாள். மூன்று முறை என் பார்லிமென்டுக்காக மெர்சியை நிறுத்தினேன். நான்காவது முறை அவளாகக் கிளம்பினாள். இப்போது எந்த நடைமேடையில் எந்தப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கிறாளோ? கணினியின் முன் உட்கார்ந்து நான் அழுதேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அங்கே மாலை, இங்கே இரவு ஆனபோது, கைப்பேசித் திரையில் காணொளி அழைப்பு. திரை முழுக்க ஒரு வெள்ளைத் தலையின் பின்பக்கம். ரோஸ்லின். அவள் மெர்சியின் தாடையைப் பிடித்து, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, தன் கண்ணின் ஓரத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தாள்.

"இரு, அசையாத… கிடைச்சிருச்சு. மூக்கு அப்படியே இருக்குட்டி. பாழாப்போற மூக்கு." இரண்டு கிழவிகளும் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். சிரிப்பா அழுகையா என்று நான் சரிபார்க்கவில்லை.

பிறகு மெர்சி திரையைப் பார்த்தாள். "ஏங்க, எத்தன மட்டம் போன் போட்டிய? பாவம், இவ போனுக்கும் வாசலுக்குமா நடந்துக்கிட்டே இருந்திருக்கா."

"ரயிலு பிந்திப்போச்சே!"

"பிந்துச்சு. அடுத்தது ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்துச்சு. ஏறுனேன்."

"அந்த டிக்கெட் அடுத்த வண்டிக்கு எப்படி…"

"டிக்கெட் பாக்க வந்த தம்பிட்ட, ஒங்க ரயிலு பிந்துனதுக்கு நான் என்னப்பா செய்யன்னு கேட்டேன். செல்லும்னுட்டான். முறுக்கு குடுத்தேன். நல்லாருக்குன்னான்."

தமிழிலா கேட்டாய் என்று நான் கேட்கவில்லை. விதிப்படியே அந்தச் சீட்டு செல்லும். பதினெட்டாவது பத்தியில் நானே எழுதியிருந்தேன். அவள் படிக்காமலே பாஸாகிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து மெர்சி திரும்பி வந்தாள். ஒரே வாரத்தில் கதை எங்கள் தேவாலயச் சபை முழுக்கப் பரவியது. முதல் தடவை அவள் சொன்னபோது ஓட்டை ஊசி நுழையும் அளவு. கிறிஸ்துமஸுக்குள் பென்சில் நுழைந்தது. ஈஸ்டருக்குள் கட்டைவிரல். கூட்டத்தில் யாராவது பாட்டுத்தாள் விநியோகித்தால், என்னைத் தாண்டிக் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சிட்ட குடுக்காதிய, கோத்துருவாரு" என்கிறார்கள். அளவைத் திருத்துவதை நான் விட்டுவிட்டேன்.

சென்ற மாதம் எதிர்க் கட்டடத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள். கணவர் சமீபத்தில் ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரி. ஐரோப்பாவுக்கு ரயிலிலேயே போவதாக இருக்கிறார்களாம். நான் கதவைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எந்தப் படிவம் என்று தொடங்க வாயெடுத்தேன்.

"மேடம் இருக்காங்களா சார்?" என்றார் அந்த அம்மாள்.

மெர்சி வந்து உட்கார்ந்தாள். நான் போய்த் தேநீர் போட்டேன். தட்டோடு திரும்பி வந்தபோது அவள் விரலை மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மொத வேலை. பாஸ்போர்ட்ட வீட்டுக்காரர் கைக்கு எட்டாத எடத்துல வச்சிருங்க."

அந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவருடைய கணவர் சிரிக்கவில்லை. மடியில் இரண்டு கையாலும் அணைத்து வைத்திருந்த பையை, யாரும் பார்க்காதபோது, மெதுவாக மனைவி பக்கம் நகர்த்தினார்.